பிள்ளை 'ஓம்' என்றால் விளங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள்

கேள்வி: நான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து எட்டு மாதம் ஆகிறது. சிறுவர் நீதிமன்ற வழக்குகளை எல்லாம் சீனியர் என்னிடமே தருகிறார், "சின்னப் பிள்ளைகளின் வழக்குத்தானே, பழகும்" என்கிறார். போன கிழமை வந்த 15 வயதுப் பையன், கைபேசி எடுத்தது பற்றி நான் கேட்ட எதற்கும் வாயே திறக்கவில்லை. இதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா, அனுபவத்தில் வந்துவிடுமா?
- இளம் சட்டத்தரணி, கொக்குவில்

பதில்: கட்டாயம் பயிற்சி வேண்டும் தங்கச்சி. அனுபவத்தில் வரும்தான், ஆனால் அது வந்து சேரும்வரைக்கும் உங்களிடம் வருகிற பிள்ளைகளின் கதி என்ன?

என்னையும் இப்படித்தான் பழக்கினார்கள். தொடக்கத்தில் ஒரு பையனுக்குப் பிணை எடுத்துவிட்டு, நீதிமன்ற விறாந்தையில் நின்றபடியே நிபந்தனைகளைக் கடகடவென்று சொன்னேன், "முறைப்பாட்டாளரோடு எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது, விளங்கினதோ தம்பி?" என்று கேட்டேன், "ஓம்" என்றான். இரண்டு நாளில் நேரே அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். முறைப்பாட்டாளர் என்றால் அந்த வீட்டு மாமாதான் என்று அவனுக்குத் தெரியவில்லை. நிபந்தனையை மீறினான் என்று திரும்பவும் நீதவான் முன்னால் நின்றான். பிழை என்னுடையது. அதற்குப் பிறகு நான் எந்தப் பிள்ளையிடமும் "விளங்கினதோ" என்று கேட்பதில்லை, "சரி தம்பி, வீட்டை போனதும் அம்மம்மா கேட்டால் என்ன சொல்லுவீர், எனக்கு ஒருக்கா சொல்லும் பாப்பம்" என்பேன். அதில் தெரிந்துவிடும்.

உங்கள் பையன் பேசாதபோது அம்மா பக்கத்தில் நின்றாரா? அம்மாவுக்கு முன்னால் எந்தப் பையனும் உண்மையைச் சொல்லமாட்டான். அவரைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, ஃபைலை மூடிவைத்து, பக்கத்தில் இருந்து, சாப்பிட்டாயா என்பதில் தொடங்குங்கள். யார் எடுக்கச் சொன்னது என்பதையும் மெதுவாகக் கேளுங்கள், ஏனென்றால் பெரியவர்கள் பின்னால் நின்றுகொண்டு பொடியங்களை முன்னால் விடுவது இங்கே நடக்கிறது.

அப்புறம் சட்டம். முதலில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் எடுங்கள். 2018இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபின், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமே ஆகாது, 12க்கும் 14க்கும் இடையில் என்றால் அதை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்கவேண்டும். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தைத் திருத்தங்களோடு முழுதாக வாசியுங்கள். பொலிஸிடம் சொன்ன குற்ற ஒப்புதலைப் பிள்ளைக்கு எதிராகப் பாவிக்கமுடியாது என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, இதைத் தெரியாமல் "அவன்தான் ஒத்துக்கொண்டானே" என்று கையை விரிக்கிற தாய் தகப்பனை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

இங்கிலாந்தில் பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் சபை 2017இலேயே, இளையோர் வழக்குகளில் தோன்றுகிறவருக்கு என்னென்ன திறமை இருக்கவேண்டும் என்று எழுதி வெளியிட்டது, பிள்ளையோடு பேசத் தெரிவதும் அதில் ஒன்று. பிறகு அந்த வழக்குகளை எடுப்பவர்கள், தாங்கள் எடுப்பதைச் சபையிடம் பதிவு செய்யவும் வேண்டும் என்று வைத்தார்கள். இங்கே உச்ச நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால் மறுநாளே பிள்ளைக்காக எழுந்து நிற்கலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

இங்கேயும் அப்படி ஒரு விதி வரும்வரை நீங்களே உங்களைப் பழக்கவேண்டியதுதான். பிள்ளையின் குடும்ப நிலையை விசாரித்து நன்னடத்தை அலுவலர் எழுதும் அறிக்கையை மன்றில் வைத்து முதல்முறையாகப் புரட்டாதீர்கள், முன்கூட்டியே அவரோடு கதையுங்கள், தகப்பன் வெளிநாட்டில் இருப்பதை 'கைவிட்டுச் சென்றார்' என்று எழுதியிருந்தால் அதை நீங்கள்தான் திருத்தவேண்டும், அந்த ஒரு சொல்லால் பிள்ளை வீட்டுக்குப் போகாமல் சிறுவர் இல்லத்துக்குப் போகக்கூடும். நீதிமன்றம் பிள்ளைகளை அனுப்புகிற அச்சுவேலி சான்றுபெற்ற பாடசாலையை அனுமதி கேட்டு ஒருமுறை போய்ப் பாருங்கள், பிள்ளையை எங்கே அனுப்பச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும் அல்லவா.

இன்னொன்று, அடுத்த தவணைத் திகதி தரும்போது அவனுடைய பரீட்சை எப்போது என்று கேட்டு வைத்திருங்கள். சாதாரண தரப் பரீட்சை நாளில் வழக்கு விழுந்தால் வேறு திகதி கேட்பதற்கு உங்களைவிட அவனுக்கு ஆள் இல்லை.