கொலைக்குள் ஒளிந்திருக்கும் காலை – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பழைய புத்தகத் தாள்களில் வரைகிறவர்களின் படங்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. எங்கள் வீட்டுப் பரணில் பாட்டி பைண்டு செய்து வைத்த தொடர்கதை வால்யூம் ஒன்று இருக்கிறது. வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்தது, 1960களின் ஆரம்பம். அதில் நான்கு பக்கம் வரைந்தேன். வாட்டர் கலர் வைத்ததும் தாள் அப்பளம்போல நெளிந்துவிட்டது. கறுப்பு ஸ்கெட்ச் பேனா அடுத்த இரண்டு தாள்கள் வரை ஊறிவிட்டது. பின்பக்க எழுத்தெல்லாம் முன்னால் தெரிகிறது. வேண்டாத வார்த்தைகளைக் கறுப்படித்து, மிச்சமிருப்பதைக் கவிதையாக்கும் முறையையும் முயன்றேன். ஆங்கிலத்தில் எளிதாக வருவது தமிழில் வரவே மாட்டேன் என்கிறது. வார்த்தைகள் ரயில் மாதிரி நீளமாக இருக்கின்றன. அப்பா வேறு, புத்தகத்தில் கிறுக்குவது பாவம் என்று இரண்டு நாளாகப் பேசுவதில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த வால்யூமை மூடி வையுங்கள். பாவ புண்ணியத்துக்காகச் சொல்லவில்லை. அச்சான புத்தகத்துக்கு ஆயிரம் பிரதி இருக்கும். வீட்டில் பைண்டு செய்த தொடர்கதைக்கு ஒரே பிரதிதான். மணியம், கோபுலு போன்றவர்கள் பத்திரிகைக்கு வாராவாரம் வரைந்த படங்களில் பல, கதை பின்னால் நூலாக வந்தபோது அதில் இடம்பெறவில்லை. பின்பக்கத்தில் இருக்கும் சோப்பு விளம்பரமும் துணுக்கும் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. உங்கள் அப்பாவின் கோபம் நியாயமானது, அவர் சொல்லும் காரணத்தை விட்டுவிட்டாலும்.

அதோடு, வரைவதற்கு அதைவிட மோசமான தாளை நீங்கள் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

அது நியூஸ்பிரின்ட், செய்தித்தாள் அச்சிடும் மலிவுத் தாள். சதுர மீட்டருக்கு 45 முதல் 50 கிராம் எடை. வாட்டர் கலருக்கென்று விற்கும் நல்ல தாள் 300 கிராம். எடையைவிடப் பெரிய வித்தியாசம் பசையில் இருக்கிறது. எழுதும் தாளிலும் வரையும் தாளிலும் ஜெலட்டினோ வேறு பசையோ சேர்த்து, நீர் சட்டென்று உள்ளே இறங்காதபடி செய்திருப்பார்கள். அச்சு மை எண்ணெயில் குழைத்தது. அதற்கு இந்தத் தடுப்பு தேவையில்லை என்பதால் நியூஸ்பிரின்டில் பசை அநேகமாக இருக்காது. ஆகவே அது மை ஒற்றும் தாள் மாதிரி உறிஞ்சுகிறது. ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது நீரில் முழுக்கக் கரைந்த சாயம். நீர் போகுமிடமெல்லாம் அதுவும் போகும். நெளிவுக்குக் காரணம், ஈரத்தில் நார்கள் நீளவாக்கைவிட அகலவாக்கில் அதிகம் உப்புவது. உங்கள் வால்யூமில் தாள்களை ஓரத்தில் குத்தித் தைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் இறுகிக் கிடக்க, மற்ற மூன்று பக்கமும் உப்பினால் அப்பளம்தான்.

இனிமேல் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இரண்டு சோதனை செய்துவிட்டு வரையத் தொடங்குங்கள். கடைசித் தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக அரை நிமிஷம் நின்றால் அந்தத் தாளில் நேரடியாக வரையலாம். ஐந்து எண்ணுவதற்குள் பின்பக்கம் ஈரம் தெரிந்தால், முதலில் பூச்சு கொடுத்தாக வேண்டும். அடுத்து, அதே மூலையை முன்னும் பின்னும் மடியுங்கள். இரண்டு மூன்று மடிப்பில் ஒடிந்து கையோடு வந்தால் நார் செத்துவிட்டது. மரத்தை அப்படியே அரைத்த கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். வெளிச்சத்தில் பழுப்பாவது அதனால்தான். தாளுக்குள் சேரும் அமிலம் நாரைத் துண்டுதுண்டாக்கிவிடும். அப்படிப்பட்ட தாளைப் புத்தகத்தில் வைத்து வரைய முடியாது. தனியாக எடுத்து வேறு கெட்டியான தாளின்மேல் ஒட்டித்தான் பயன்படுத்த வேண்டும்.

பூச்சுக்கு மேட் (பளபளப்பில்லாத) அக்ரிலிக் மீடியம் போதும், அதாவது நிறம் சேர்க்காத அக்ரிலிக். பளபளப்பு வகை வேண்டாம், காரணம் பின்னால் வரும். மூன்று பங்கு மீடியத்துக்கு ஒரு பங்கு தண்ணீர். ஒரு அங்குலத் தட்டைத் தூரிகை. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக. அரை மணி கழித்துப் பின்பக்கமும் அதேபோல் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் அந்தப் பக்கமாகச் சுருண்டுகொள்ளும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தாள் வெள்ளையாக வேண்டுமென்று ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைக் கெட்டியாகப் பூசுவதைப் பார்க்கிறேன். எழுத்து முழுக்க மறைந்துவிட்டால் பிறகு பழைய புத்தகம் எதற்கு? ஒரு குயர் சார்ட் பேப்பர் வாங்கிக்கொள்ளலாமே.

பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் வாசனையில்லாத ஜெலட்டின் இன்னொரு வழி. நூறு மில்லி தண்ணீரில் இரண்டு கிராம். பத்து நிமிஷம் ஊறவிட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கரைத்து, வெதுவெதுப்பாகப் பூசுங்கள். வாட்டர் கலர் இதன்மேல் அழகாக நிற்கும். ஆனால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். சட்டம் போடப்போகும் ஒற்றைத் தாளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்க எழுத்து தெரிவதற்குப் பூச்சு மருந்தல்ல. தாளிலிருக்கும் காற்றிடைவெளிகளை மீடியம் நிரப்புவதால் தாள் முன்பைவிடக் கொஞ்சம் கண்ணாடித்தன்மை பெறும். அதற்கு இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்ட வேண்டும். ஃபெவிக்காலைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் மறுபடி அப்பளம். பசைக்குச்சிதான் நல்லது, ஈரம் குறைவு. முதுகுப் பக்கம் தொடங்கி வெளி விளிம்பு நோக்கி ஒட்டி, பட்டர் பேப்பரை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து, ராத்திரி முழுக்கக் கனம் வையுங்கள். பைண்டிங் கடையில் மைதாப் பசை தருகிறேன் என்பார்கள். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. தாமிரம் நாளடைவில் தாளை அரிக்கும், வேண்டாம்.

இப்படி ஒட்டிக்கொண்டே போனால் புத்தகம் விசிறி மாதிரி விரிந்து மூடாது. நான்கைந்து தாளுக்கு ஒன்றை அகற்றி இடம் கொடுக்க வேண்டும். இழுத்துப் பிய்க்காதீர்கள். பாரம் பாரமாக (மடித்த தாள்கட்டுகளாக) தைத்த புத்தகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் தையலுக்கு அந்தப்பக்கம் ஒரு ஜோடி உண்டு. இதைப் பிய்த்தால் அது கழன்றுவிடும். முதுகிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு பிளேடால் வெட்டுங்கள். அடியில் பிளாஸ்டிக் அட்டை வைக்க மறக்க வேண்டாம்.

பேனாவுக்கு ஒரே விதி: பிக்மென்ட் மை, அதாவது சாயம் கரையாமல் நிறத்துகளாக இருக்கும் மை. மைக்ரான் வகைப் பேனாக்களில் 01 என்பது கால் மில்லிமீட்டர்க் கோடு, 05 என்பது 0.45. இரண்டும் போதும். பெர்மனென்ட் மார்க்கர் தாளைத் துளைத்துப் போவதோடு சுற்றிலும் மஞ்சள் வளையம் விடும். எண்ணெய்ச் சாயமும் அப்படித்தான். பெரிய கறுப்புப் பரப்புக்குப் பேனாவே வேண்டாம். ஓரத்தை மட்டும் பேனாவால் கட்டி, உள்ளே அக்ரிலிக் கறுப்பு அடியுங்கள். ஒரு கோட் போதாது. நீர் மை, எண்ணெய் மைமேல் சரியாக ஒட்டாததால், சாய்ந்த வெளிச்சத்தில் மறைத்த எழுத்தெல்லாம் பளிச்சென்று படிக்கக் கிடைக்கும்.

சரி, ரயில் வார்த்தைகளுக்கு வருவோம்.

இந்தக் கலையில் அரை நூற்றாண்டு ஊறியவர் ஆங்கிலேய ஓவியர் டாம் ஃபிலிப்ஸ். 1966இல் லண்டனில் மூன்று பென்னிக்கு வாங்கிய 1892ஆம் ஆண்டு நாவல் ஒன்றின் ஒவ்வொரு பக்கத்தையும் ஓவியமாக்கி, பிறகு அதே பக்கங்களைத் திரும்பத் திரும்ப வேறு மாதிரி செய்து, 2016இல் இறுதிப் பதிப்பைக் கொண்டுவந்தார். அதன் நாயகன் பெயர் டோஜ். அந்தப் பெயர் தனியாக எங்கும் அச்சாகியிருக்கவில்லை. ‘டுகெதர்’, ‘ஆல்டுகெதர்’ என்ற சொற்கள் வரும் பக்கத்தில், அவற்றிலுள்ள t-o-g-e என்ற நான்கெழுத்தை விட்டு மற்றதை மறைத்தால் அவன் வருவான். அந்தச் சொற்கள் இல்லாத பக்கத்துக்கு அவனால் வர முடியாது. அதாவது அவர் வேலை செய்தது சொல்லில் அல்ல, சொல்லின் துண்டில்.

தமிழில் துண்டு இன்னும் நுணுக்கமாகக் கிடைக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. ‘கொ’ என்பது தாளில் மூன்று உருவம்: கொம்பு, க, கால். ‘கொலை’யில் கொம்பை மறையுங்கள், ‘காலை’ விடியும். ‘பொய்’யில் கொம்பு போனால் ‘பாய்’. கால் குறியை மறைத்தால் ‘போர்’ ‘பேர்’ ஆகும், ‘சோறு’ ‘சேறு’ ஆகும், ‘தோள்’ ‘தேள்’ ஆகும், ‘மாலை’ ‘மலை’யாகும், ‘பாடம்’ ‘படம்’. புள்ளியை எடுத்தால் ‘பல்’ ‘பல’. துப்பறியும் கதையின் ஒரு பக்கத்தில் எத்தனை கொலை வரும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனையும் காலைகள்.

பத்துப் பாயிண்ட் எழுத்தில் கால் இரண்டு மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. வெள்ளை ஜெல் பேனாவால் அதை மறைத்தால் பழுப்புத் தாளில் பல் முளைத்த மாதிரி தெரியும். அக்ரிலிக் வெள்ளையில் யெல்லோ ஓக்கர் கொஞ்சம், ரா அம்பர் ஊசிமுனை அளவு கலந்து தாள் நிறத்தை எடுங்கள். கலவை காய்ந்ததும் ஒரு சாயல் இருண்டுவிடும், அதனால் கொஞ்சம் வெளிறலாகவே கலக்க வேண்டும். மூன்று சைபர் (000) மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பு.

பழைய அச்சில் ஒரு சிக்கல் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனிக் கால் கிடையாது, எழுத்தோடு முடிச்சாகவே இருக்கும். அதில் மறைக்க ஒன்றும் அகப்படாது. லை, னை போன்றவற்றில் ஐகாரத்தைக் காட்டும் துதிக்கையும் எழுத்தோடு ஒட்டியது.

நீளச் சொற்களை வால்பக்கமாக வெட்டுங்கள். ‘வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று இருந்தால் ‘வீட்டிலிருந்தவர்’ கிடைக்கும், ‘வீட்டிலிருந்த’ கிடைக்கும். தலைப்பக்கம் வெட்டினால் பெரும்பாலும் முண்டம்தான், புணர்ச்சி உயிரெழுத்தை விழுங்கிவிட்டிருக்கும். ‘கடலோரம்’ என்பதில் ‘ஓரம்’ கிடைக்காது, ‘லோரம்’தான். ‘கடல்’ வேண்டுமானாலும் நீங்கள் ஒரு புள்ளி வைக்க வேண்டும். சிலர் வைக்கிறார்கள். எனக்கு அது சீட்டாட்டத்தில் சீட்டை ஒளித்து வைப்பது போல. மறைக்கலாம், சேர்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால்தான் ஆட்டம் ருசிக்கிறது.

நீளச் சொற்களால் ஒரு லாபமும் உண்டு. இருபக்கமும் சமமாக நிற்கவேண்டி அச்சுக்கோத்தவர் சொற்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டிருப்பார். அந்த வெள்ளை இடைவெளிகள் வரிக்கு வரி ஒன்றின்கீழ் ஒன்று சேர்ந்து ஓடை மாதிரி இறங்கும். தேர்ந்த சொற்களை அந்த ஓடை வழியாகவே இணைத்துவிடலாம். அம்புக்குறியும் கோடும் தேவைப்படாது. பக்கத்தைக் கதையாகப் படிக்காமல், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் ஓடைகள் முதலில் கண்ணில் படும். பென்சிலால் அவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு நேராகத் திருப்பி, கரையோரம் என்ன சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

எந்தப் புத்தகத்தை எடுப்பது? பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைப்பதில் தேதி செத்தவை: போன வருஷப் பஞ்சாங்கம், ரயில்வே கால அட்டவணை, வருமான வரி கைடு, பத்துப் பதிப்பு கண்ட பொழுதுபோக்கு நாவல். பஞ்சாங்கத்தின் கட்டங்கள் அற்புதமானவை. தாள்தான் சோதா, ஒட்டி பலப்படுத்தாமல் தொடாதீர்கள். அறியாத பழைய நூல் என்றால் வெட்டுவதற்கு முன் தலைப்பை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும், ஈழத்து நூலென்றால் நூலகம் தளத்திலும் தேடுங்கள். எதிலும் இல்லையென்றால் வரையாதீர்கள். கொடுத்துவிடுங்கள். கையெழுத்துச் சுவடிகளைத் தொடவே வேண்டாம். ராஜஸ்தான் சந்தைகளில் பழைய பத்திரத் தாள்மேல் புது மினியேச்சர் தீட்டி விற்பதைப் பார்த்து யாராவது ஆசை காட்டினாலும்.

பாட்டியின் வால்யூமில்தான் வரைய வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், பக்கத்தை ஸ்கேன் செய்யுங்கள். தாளுக்கு அடியில் கறுப்புத் தாள் வைத்தால் பின்பக்க எழுத்து பெரும்பாலும் அடங்கிவிடும். 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தாளில் லேசர் பிரின்ட் எடுங்கள். டோனர் நீரில் கரையாது, இங்க்ஜெட் பெரும்பாலும் கரையும்.

வரைந்துவிட்ட நான்கு பக்கங்களைத் துடைக்கவோ ஈரம் காட்டவோ முயலாதீர்கள். ஸ்கெட்ச் பேனாச் சாயம் ஈரப்பதத்தில் இன்னும் நகரும். ஒவ்வொன்றின் இருபுறமும் அமிலமற்ற வெள்ளைத் தாளைச் செருகி, தட்டையான பலகையை மேலே போட்டு, இரண்டு செங்கல் கனத்தில் ஒரு வாரம் வையுங்கள். நெளிவு பாதிக்கு மேல் படிந்துவிடும். பிற்பாடு நீங்கள் அக்ரிலிக் மீடியம் பூசிய எந்தப் புத்தகத்தையும் இப்படிக் கனம் வைப்பதானால் நடுவே பட்டர் பேப்பர் கட்டாயம். நம் வெயிலில் இரண்டு அக்ரிலிக் பரப்புகள் முகம் பார்த்துக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பு வகை வேண்டாம் என்றது இதற்காகத்தான், அது இன்னும் சீக்கிரம் ஒட்டும். செருகிய தாளை மட்டும் பரணுக்குப் போகும்போதும் எடுக்காதீர்கள், சாயம் அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டேயிருக்கும்.