வாட்ஸ்அப் படங்களின் தேதி

கேள்வி: பழைய கைப்பேசிகளிலிருந்து வன்தட்டுக்கு மாற்றிய குடும்பப் படங்கள் தேதி குழம்பிக் கிடக்கின்றன. எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: நகலெடுக்கும்போது மாறுவது கணினி காட்டும் கோப்புத் தேதிதான், எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே ‘எக்ஸிஃப்’ குறிப்பாகப் பதிந்திருக்கும் என்பதால், டிஜிகேம் என்னும் இலவச மென்பொருளில் அதன்படி வரிசைப்படுத்தலாம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் இக்குறிப்பு பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டில் சேமித்தவற்றின் பெயரிலுள்ள 20190414 போன்ற எட்டு இலக்கங்கள் படம் வந்த நாளையே காட்டுமேயன்றி எடுத்த நாளை அல்ல. கோப்புறைக்கு ‘2019-04-14 சித்திரைப் புத்தாண்டு’ என ஆண்டை முதலில் வைத்துப் பெயரிடுங்கள்; காலவரிசை தானாக அமையும்.

வன்தட்டு ஒன்றை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கூகுள் ஃபோட்டோஸ் இருக்கிறதே என்பீர்கள். அச்செயலியில் அழித்தால் மேகக்கணியிலும், அதாவது இணையச் சேமிப்பிலும், அழிந்துவிடும்.