பதில்: சுகர் மாத்திரையை நிறுத்திவிட்ட அப்பா

வணக்கம். யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு, "மெட்ஃபார்மின் கிட்னியைக் காலி பண்ணிடும்" என்று அப்பா ஒரு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டார், ஆவாரம்பூ கஷாயம் மட்டும்தான் குடிக்கிறார், டாக்டரிடம் வரவும் மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மருந்து உடம்பில் தேங்கும். ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் அளவு) 30-க்குக் கீழே போனால் டாக்டர்களே நிறுத்திவிடுவார்கள். ஆனால் நல்ல கிட்னியை அது கெடுப்பதில்லை. கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரைதான்.

வாதாடாதீர்கள், வீம்புதான் ஏறும். "கிட்னியைப் பற்றித்தானே பயம்? அதையே டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்ப்பா" என்று கூட்டிப்போங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், எச்பிஏ1சி மூன்றும் எடுங்கள். முதல் இரண்டும் கிட்னிக்கு, மூன்றாவது சர்க்கரைக்கு. எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது (நிறைய வீடுகளில் நடக்கும் வித்தை!). டாக்டரிடம் ரிப்போர்ட்டோடு அந்த வீடியோவையும் காட்டச் சொல்லுங்கள். கஷாயத்தையும் மறைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். நீங்கள் சொல்லிக் கேட்காதவர் அவர்கள் சொன்னால் கேட்கலாம்.

இதற்கிடையே குளுக்கோமீட்டரில் 300-க்கு மேல் காட்டி, வாந்தியோ அடங்காத தாகமோ தடுமாற்றமோ வந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.