வளர்ப்புப் பிழையா?

கேள்வி: என் தங்கையின் மகனுக்கு 34 வயது, கலியாணம் முடித்து 9 வருடம். குடித்துவிட்டு வந்து மனைவியைக் கத்தியால் வெட்டிவிட்டான். அவள் ஆஸ்பத்திரியில், அவன் விளக்கமறியலில். முன்பு இரண்டு தடவை அவள் பொலிஸுக்குப் போகப் புறப்பட்டபோது, குடும்ப மானம் போகக்கூடாது என்று நான்தான் சமாதானம் செய்துவைத்தேன். எல்லாவற்றுக்கும் தங்கையின் வளர்ப்புப் பிழைதான் காரணம் என்கிறோம். இந்த வருடம் கோயிலில் எங்கள் குடி (தாய்வழி வம்சம்) நடத்தும் திருவிழாவுக்குத் தங்கையை வரவேண்டாம் என்று சொல்லப் போகிறோம். சரிதானே?
– பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி

பதில்: சரியில்லை ஐயா.

9 வருடமாக அவன் இருந்தது மனைவியின் சீதன வீட்டில். அங்கே அவன் ஓங்கிய கையை உங்கள் தங்கை எங்கிருந்து பிடித்திருப்பாள்? நம் தண்டனைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவு பலர் கூடிச் செய்யும் குற்றத்தைப் பற்றியது. அதுகூடப் பொது எண்ணம் இருந்ததா என்றுதான் பார்க்கிறது. பெற்றவள் யார் என்று பார்ப்பதில்லை. 1883இல் எழுதிய சட்டத்துக்கு இருக்கும் நிதானம் உங்கள் குடும்பத்துக்கு இல்லை. வளர்ப்பைப் பேசும் கடிதத்தில் தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் காணோம்.

மட்டக்களப்பில் பிள்ளைக்குத் தாயின் குடி. உங்களுக்கும் அதே குடிதான். நேற்றுவரை எங்கள் குடிப் பிள்ளையாக இருந்தவன் இன்று அவள் பெற்ற பிள்ளை மட்டும் ஆகிவிட்டானா?

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வரியை என்னால் கடக்க முடியவில்லை. இரண்டு தடவை அந்தப் பெண் உதவி தேடிப் படலை தாண்டியிருக்கிறாள். இரண்டு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். வீடு அவளுடையது, வெளியேற வேண்டியவன் அவன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்டிருந்தால், 12 மாதம் வரை அவன் அந்த வீட்டுக்குள் நுழையாமல் தடுத்திருக்கலாம். அவள் சார்பில் பொலிஸ் அதிகாரியே விண்ணப்பிக்கலாம். அந்த வழியை மானத்தின் பெயரால் அடைத்தது உங்கள் தங்கை அல்ல.

வெட்டிய பழி முழுவதும் வெட்டியவனுக்கே. அதில் ஒரு துளியைக் கிள்ளி உங்கள் மேலோ தங்கை மேலோ பூசினாலும் அவன் பாரம்தான் குறையும். ஆனால் அவளைத் திருப்பி அனுப்பியது வேறொரு பிழை, அது உங்களுடையது. அதற்கு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடி சமாதானம் பேசாதீர்கள். வாக்குமூலத்தை மாற்றும்படி பாதிக்கப்பட்டவரை மிரட்டுவது பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அவளுக்கு என்ன தேவை என்று மட்டும் கேளுங்கள். திருவிழாவன்று தங்கையின் வீட்டுக்கு நீங்களே போய், அவளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வாருங்கள்.