வேப்பிலை வாசல்ல மட்டும் போதாது

கேள்வி: என் வீட்டுக்காரர் புனலூர்ல ரப்பர் பால் வெட்டுற வேலைக்குப் போனவரு, திங்கக்கிழமை உடம்பெல்லாம் கொப்புளத்தோட வந்து நிக்காரு. அம்மை. அத்தை வாசல்ல வேப்பிலை சொருகிட்டாங்க, வெளியாள் வர்றதில்ல, ஆனா நாங்க எல்லாரும் ஒரே ஹால்லதான் படுக்கோம். நாத்தனார் வேற பிரசவத்துக்கு வந்திருக்கா, எட்டு மாசம். இவர தனியா படுக்கச் சொன்னா ‘எம்புள்ளய ஒதுக்கி வைக்கியா’ன்னு அத்தை அழுறாங்க. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், புளியரை

பதில்: உங்க லெட்டர் பார்த்த அன்னிக்கே போன்ல சொல்லிட்டேம்மா, மத்த வீட்டுக்கும் உதவுமேன்னுதான் இங்கயும் எழுதுறேன். முதல்ல நாத்தனார். சின்ன வயசுல அவளுக்கு அம்மை போட்டிருக்கான்னு அத்தைகிட்ட கேளுங்க. போட்டிருந்தா பெரிய பயம் இல்ல. போடல, இல்ல ஞாபகமே இல்லன்னா அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணி விஷயத்த சொல்லிட்டு கூட்டிட்டுப் போங்க, ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பார்த்துட்டு தேவைப்பட்டா ஊசி போடுவாங்க, அம்மைக்காரர்கூட இருந்த நாள்ல இருந்து பத்து நாளுக்குள்ள போட்டாதான் பலன். கர்ப்பிணிக்கு அம்மை வந்தா நுரையீரல் வரைக்கும் பாதிக்கும், பிரசவத்த ஒட்டி வந்தா பச்சப்புள்ளைக்கே ஆபத்து. அவள வேற வீட்டுக்கு அனுப்பினாலும் அங்க மறைக்காதீங்க, உள்ள இருக்கிற கிருமி வெளிய தெரிய 21 நாள் வரைக்கும் ஆகலாம்.

இது காத்துலயே பரவுற நோய். கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிச்சு கடைசி கொப்புளமும் காஞ்சு பொருக்கு கட்டுற வரைக்கும் ஒட்டும். அதனால ஹால் வேண்டவே வேண்டாம், தனி ரூம், வெளிப்பக்க ஜன்னல் தொறந்திருக்கணும், வீட்டுப்பக்க கதவு சாத்தியிருக்கணும், தட்டு டம்ளர் துண்டு தனி.

ஒதுக்கி வைக்கிறதுன்னு அத்தை கலங்குறாங்களே, எனக்கு பத்து வயசுல அம்மை போட்டப்போ எங்க பெரியம்மாதான் என்னைப் பார்த்துக்கிட்டாங்க, அவங்களுக்கு முன்னாடியே வந்து போனதால. தூக்குல கஞ்சி கொண்டு வந்து வச்சுட்டு அரிச்ச எடமெல்லாம் வேப்பங்கொழையால தடவி விடுவாங்க, நான் ஒரு நாளும் தனியா கெடந்ததா நெனச்சதில்ல. உங்க அத்தைக்கும் முன்னாடி வந்திருந்தா அவங்களே உள்ள போய் பார்த்துக்கட்டும், மகன்கூடவே இருந்த மாதிரியும் ஆச்சு. ஆனா வெளிய வந்ததும் சோப்பு போட்டு கை கழுவணும்.

வேப்பிலையோட டாக்டரையும் பாருங்க, பெரியவங்களுக்கு அம்மை கடுமையாத்தான் இருக்கும், மாத்திரைய முதல் நாளே ஆரம்பிச்சா நல்லா கேக்கும். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின் தொடவே கூடாது. மூணாம் தண்ணி ஊத்தி முடிச்சாலும் பொருக்கு கட்டாத கொப்புளம் ஒண்ணு இருந்தாக்கூட புனலூருக்கு பஸ் ஏத்தி விடாதீங்க.