முட்டிவலிக்காரர் பத்துமலை ஏறலாமா?

கேள்வி: 68 வயது அம்மாவைத் தைப்பூசக் கூட்டம் இல்லாத நாளில் பத்துமலை முருகன் குகைக்கோயிலுக்கு அழைத்துப் போக ஆசை. அவருக்கு முட்டிவலி உண்டு. ஏறுவாரா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் பத்துமலை கொமுட்டர் ரயில் ஏறினால் கோயில் வாசலருகிலேயே இறங்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் படி சுடும்.

படிகள் 272. செங்குத்து, மிதிபடி குறுகல். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். கைப்பிடியோரமாக, பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து இறங்கச் சொல்லுங்கள். மேலே போனதும் முடிந்துவிடாது. வள்ளி தெய்வானை சந்நிதிக்குக் குகைக்குள்ளே இன்னும் சில படிகள். கூரையிலிருந்து நீர் சொட்டித் தரை வழுக்கும்.

அர்ச்சனைத் தேங்காய், பழத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதீர்கள். பை சரசரத்தாலே குரங்கு பாயும். முதியவர் தடுமாறுவது அப்போதுதான். மூடிய தோள்பையே நல்லது.

வலி கடுமையென்றால் வற்புறுத்த வேண்டாம். 42.7 மீட்டர் முருகன் சிலையடியில் கும்பிட்டு, அடிவாரச் சந்நிதிகளைத் தரிசித்து, ஸ்டேஷன் பக்கத்து இராமாயணக் குகைக்குப் போகலாம். கும்பகர்ணனை எழுப்பும் காட்சி அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.