வாசகர் கேள்விகள்: ஓர் அறை, பன்னிரண்டு பேர், ஒரு கோட்டு

கேள்வி: பழைய ஹாலிவுட் படங்களை அடிக்கடி சிலாகிக்கிறீர்கள். நானும் இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன். கால் மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. எந்தப் படத்தில் தொடங்கினால் பழகும்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ (1957). சிட்னி லூமெட் இயக்கிய முதல் சினிமா. 96 நிமிடம்தான், சில நிமிடங்கள் போக மீதி முழுக்க ஒரே அறை. அப்பாவைக் குத்திக் கொன்றதாக 18 வயதுப் பையன் மீது வழக்கு. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பொதுமக்களான பன்னிரண்டு ஜூரிகளில் பதினொரு பேர் ‘குற்றவாளி’ என்று கை தூக்குகிறார்கள். ஹென்றி ஃபோண்டா மட்டும் தூக்கவில்லை.

நான் இதை முதலில் பார்த்தது கல்லூரித் திரைப்பட சங்கத்தில், 16 எம்.எம். புரொஜெக்டரில். சப்டைட்டில் கிடையாது. பாதி வசனம் பிடிபடவே இல்லை. ஆனாலும் ரீல் மாற்ற விளக்கைப் போட்டபோது எழுந்து டீ குடிக்கப் போகத் தோன்றவில்லை. அந்த அறையின் புழுக்கம் என் சட்டைக்குள் இறங்கியிருந்தது. காரணம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் கேமரா கண் மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கிறது. போகப்போகக் கீழே இறங்குகிறது. லென்ஸும் மாறிக்கொண்டே வருவதால் சுவர்கள் ஆட்களை நெருக்குகின்றன. கடைசியில் கூரையே தலைமேல் தெரிகிறது.

முடிவில் இன்னொரு ஜூரியாக வரும் லீ ஜே. காப் உடைந்து அழுகிறார். சொந்த மகன் மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் அந்தப் பையன் மேல் காட்டியவர் அவர். மற்றவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். ஃபோண்டா போய் அவருடைய கோட்டு எங்கே என்று பார்த்து எடுத்து வந்து, பின்னால் நின்று மாட்டிவிடுகிறார். ஒரு வார்த்தை இல்லை. அதுவரை அடித்துக்கொள்ளாத குறையாக மோதிய இரண்டு பேர்! அப்போது எனக்கும் என் அப்பாவுக்கும் பேச்சு நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்று ராத்திரியே ஹாஸ்டலில் உட்கார்ந்து அவருக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். தூக்கம் வராது.

கேள்வி: ‘ரோமன் ஹாலிடே’யில் இளவரசியும் அந்த நிருபரும் சேராமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: எனக்கும்தான். எல்லோரும் போன பிறகு, அந்தப் பெரிய மண்டபத்தில் நிருபராக வரும் கிரிகரி பெக் தனியாக நடந்து வருகிறாரே, காலடிச் சத்தம் மட்டும் கேட்க! ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார். யாரும் இல்லை. 1953-இல் வந்த இந்தப் படத்தின் கதையை எழுதிய டால்டன் ட்ரம்போ அப்போது ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில், அதாவது கம்யூனிஸ்ட் தொடர்பு என்று வேலை மறுக்கப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தார். அவர் பெயரைப் போட முடியாது. கதைக்கான ஆஸ்கர் நண்பர் ஒருவர் பெயருக்குப் போனது. ட்ரம்போ பெயரில் அது வந்தது 1993-இல். அவர் இறந்து பதினேழு வருடம் ஆகிவிட்டது. இது தெரிந்த பிறகு அந்த நடை எனக்கு இன்னும் நீளமாகப் படுகிறது.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசி விடுகிறார்களே, பார்க்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். ‘காஸபிளாங்கா’வை அப்படிப் பார்த்து, பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். இங்க்ரிட் பெர்க்மனின் கண்ணோரத்தில் நிற்கும் ஈரம், கறுப்பு வெள்ளையில் மின்னுவதற்காக வைத்த வெளிச்சம் அது. வண்ணம் ஏறியதும் மங்கிவிடுகிறது.